வண்டிக்கு வாஸ்து பார்த்தோம்

பாகூர் பக்கம் கரும்பு போடும் எங்கள் குடும்பத்தில் நிலத்துக்குக் குறைவில்லை, புத்திக்குத்தான் பஞ்சம். கோயில் குளம் போய்வரக் கட்டிலும் அடுப்பும் வைத்த வேன் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தோம்.

"பின்னால அவசரக் கதவு வச்சிக்குங்க சார்" என்றார் பட்டறைக்காரர்.

"அங்க பெரிய டிவி வச்சிடுப்பா. அடுப்பு அக்னி மூலையில இருக்கணும்" என்றார் என் கணவர். எங்கள் கொட்டகையில் வண்டி நிற்கும் திசைக்கு, அந்த மூலை வண்டிக்கு இருந்த ஒரே கதவை ஒட்டி வந்தது.

"ஓடுற வண்டிக்கு இன்னாங்க வாஸ்து?" என்று கேட்டேன்.

"உனக்கு இன்னாடி தெரியும்?" என்றார். நான் திரைச்சீலைக்கு நிறம் பார்க்கப் போனேன்.

வண்டி வந்த அன்று, புது வீட்டில் செய்வதுபோல உள்ளே பால் காய்ச்சினோம். கேஸ் குழாயில் குப்பென்று தீப்பிடித்தது. கதவை நெருங்க முடியவில்லை. ஓட்டுநர் பக்கத்தையும் ஏசிக்காகப் பலகையால் அடைத்திருந்தோம். வாஸ்து பார்த்த மகராசனோ ஜன்னலில் தலையை நுழைத்து, தொப்பை சிக்கி, "யாராச்சும் வாங்கப்பா!" என்று கத்திக்கொண்டிருந்தார். நான்தான் குடத்துத் தண்ணீரில் போர்வையை நனைத்துத் தீயின் மேல் போட்டு, சிலிண்டரை மூடினேன்.

இப்போது டிவி இருந்த இடத்தில் கதவு இருக்கிறது. சமையல் வண்டிக்கு வெளியேதான். எங்கே நிறுத்தினாலும் அவர் இன்னும் கிழக்கு எது என்று தேடுகிறார். நான் இரண்டு கதவும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.