பாதி குத்திய சாமை

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்புச் சல்லடைத் தகடு கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான். பேனா எடுக்கக் கையை விடும்போதெல்லாம் விரலில் படுகிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்பெனி கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. கம்பெனி என்றால் அதைத் தொடங்கிய இன்ஜினியர் அண்ணனும் அவருக்கு உதவியாளாக நானும்தான். கொல்லிமலைப் பெண்கள் சாமையை உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போவதைப் பார்த்து, உமி நீக்கும் மெஷின் ஒன்றை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிச் செலவில் பாதியைத் தர ஒரு நிதி நிறுவனம் முன்வந்தது. மறுபாதி கம்பெனியின் பங்கு. அதற்காக அண்ணன் வீட்டை அடமானம் வைத்தார். மெஷின் ஓடுவதை நேரில் பார்த்துத் திருப்தியானால்தான் அவர்கள் பங்கு கைக்கு வரும்.

அவர்கள் பார்க்க வரும் சோதனைக்காக மெஷினை மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்ப்பகுதிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்களுக்குச் சாமை தர ஒப்புக்கொண்டிருந்த அக்கா அன்று காலை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, பெரிய மனுசங்க வர்ற அன்னிக்கு உமியும் தூசியுமா வெச்சா நல்லாவா இருக்கும்? பொம்பளைங்க எல்லாம் சேந்து பாதிச் சாமையக் குத்திப் பொடச்சு மூட்டையில கலந்து வெச்சுட்டோமுங்க. மெஷினுக்கும் பாரம் கொறையுமில்லீங்க?"

மூட்டையை மாற்றியிருக்க வேண்டும். குத்தாத சாமை பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ஆனால் முந்தைய வாரம் மெஷின் இரண்டு முறை அடைத்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். பாதி வேலை முன்னாலேயே முடிந்திருந்தால் நல்லதுதானே என்று வாயை மூடிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

வந்த அதிகாரி முதல் வேலையாக மூட்டைக்குள் கையை விட்டார். பழுப்புச் சாமைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் அரிசி. "குத்தினதைக் கலந்து வெச்சு எங்களையே ஏமாத்தறீங்களா?" என்றார். "நாங்கதானுங்க பண்ணுனோம்" என்று அக்கா பதறியதை அவர் காதில் வாங்கவில்லை. வேறு மூட்டை கொண்டுவருகிறேன் என்று அண்ணன் கெஞ்சக் கெஞ்ச ஜீப் கிளம்பிவிட்டது. என்னிடம் முன்பே சொன்னதை மட்டும் அக்கா வெளியே விடவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை போலிருக்கிறது.

அண்ணன் என்னிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா சாமி?"

"தெரியாதுங்கண்ணா."

தலையை ஆட்டினார். பிறகு குத்தாத சாமையை வாங்கி வந்து கொட்டி மெஷினை ஓட்டினார். ஒருமுறைகூட அடைக்கவில்லை. உமி ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமுமாகச் சுத்தமாகப் பிரிந்து விழுந்தது. பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் மலையிறங்கிப் போயிருந்தார்கள்.

நிதி நிறுவனம் மறுபடி வர மறுத்துவிட்டது. அடமானத்தில் வீடு போயிற்று. கம்பெனியை மூடினோம். அண்ணன் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். அக்காவை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசிக் கேட்டதில்லை. நான்தான் அண்ணனைப் போய்ப் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

போன தை மாதம் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது, அண்ணி இந்தத் தகட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று இதை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாராம்.

"உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லீட்டே இருந்தாருங்க தம்பி. அந்த மெஷினை நம்புன ஒரே ஆளு நீங்கதானாமா."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அண்ணியிடமும் அந்த மூட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. இன்று காலையும் பேனா எடுக்கப் போனபோது விரலில் பட்டது.