சேலையூரில் வேவு பார்ப்பவனின் பாடு

மறைந்திருந்து பார்க்கும் தொழிலுக்கு வந்தவன் முதல் வாரத்திலேயே கண்டுகொள்வது, ஊர் முழுக்கத் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை. பெண்ணுக்கோ பிள்ளைக்கோ அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போய் அசடு வழிந்தவர்களுக்கு என் வேதனை புரியும்.

சிங்கப்பூரில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு, நாற்பத்தெட்டு வயதில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு துப்பறியும் ஆபீஸில் வேலை கிடைத்தது. முக்கால்வாசி கல்யாண விசாரணைதான். முதலில் இரண்டு வாரம் பயிற்சி. "வீட்டுலயும் பழகுங்க சார், வாழ்க்கைக்கே உதவும்" என்றார் மேனேஜர்.

பத்துப் பொருள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் பத்துப் பொருளை மனதில் பதிய வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். எதிர் வீட்டில் காபிக்குக் கூப்பிட்டார்கள். பீரோ, அதன் சாவி, ஜன்னல் கம்பி, பின்கதவுத் தாழ்ப்பாள் என்று வரிசையாகப் பதிய வைத்தேன். வீட்டுக்கு வந்து ஒப்பித்துப் பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்தப் பெருமையில் இருந்தபோது மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, எங்க பீரோ சாவியையே ஏன் உங்க வீட்டுக்காரர் பாத்துட்டிருந்தாருன்னு எதிர் வீட்டு அக்கா கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

வாடகைக்கு வீடு

என் முதல் கேஸைக் கொண்டுவந்தவர் குரோம்பேட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரே மகள்; அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு வீடு சேலையூரில், வேலை சிறுசேரியில். "வேலையைப் பத்திக் கேட்டா மட்டும் பேச்சை மாத்தறான் சார். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள்ள உண்மை தெரியணும். அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்றார்.

தொப்பி, கூலிங் கிளாஸ், வாடகைக்கு வீடு தேடுவதாக ஒரு கதை. இத்தனையோடு போய், பையனின் அபார்ட்மென்ட் வாசலில் இஸ்திரி போடும் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "இன்னா சார், கண்ணு ஆப்ரேசனா?" என்று ஆரம்பித்தவர், என் பேட்டை, ஜாதகம், பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் கறந்துவிட்டுத்தான் என்னைக் கேட்கவே விட்டார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வூடு தேடி வர்றவங்க மொதல்ல தண்ணி வருதான்னு கேப்பாங்க சார். நீங்க மூணாவது மாடி தம்பி எத்தினி மணிக்கு வேலைக்குப் போறாருன்னு கேக்கறீங்க. பொண்ணு வூட்டு ஆளுன்னு சொல்லிட்டுப் போலாமில்ல? எட்டு மணிக்குப் போறாரு, போங்க."

குரங்குக் கூண்டு

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குப் பையன் கழுத்தில் கம்பெனி அட்டையோடு கிளம்பினான். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி நான். வண்டலூரில் இறங்கினான். சிறுசேரிக்கு வேறு பஸ் மாறுவான் என்று பார்த்தால், அட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிக்கெட் எடுத்து உயிரியல் பூங்காவுக்குள் போய்விட்டான்! மரத்தடி பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தவன் சாயங்காலம் வரை நகரவில்லை. நான் குரங்குக் கூண்டோரம் நின்று கொசுக்கடி வாங்கினேன். குரங்குகள்கூடச் சலித்துப்போய் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டன.

திங்கட்கிழமையும் அதே பெஞ்ச், அதே குரங்குக் கூண்டு; இந்த முறை அவனே எழுந்து என்னிடம் வந்தான். வேலை போய் ஒரு மாதம், வேறு தேடுகிறான், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எனக்குக் கோபம் வரவில்லை. சிங்கப்பூரில் என் வேலை போன மாதம், நானும் டை கட்டிக்கொண்டு ரயிலில் சும்மா சுற்றியவன்தான். தொழில் விதியை மீறி ஒன்று சொன்னேன்: "வியாழக்கிழமை காலைல என் ரிப்போர்ட் போயிடும். அதுக்குள்ள நீங்களே பொண்ணு வீட்டுல சொல்லிடுங்க." அவன் லேப்டாப்பைப் பையில் வைத்தபடி சொன்னது இவ்வளவுதான்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, ஜூ லீவு சார். வீணா வந்து நிக்காதீங்க. நான் தாம்பரம் லைப்ரரில இருப்பேன்."

ரிப்போர்ட்

வியாழக்கிழமை காலை வாத்தியார் ஆபீஸுக்கு வந்தார். பையன் சொல்லியிருப்பானா மாட்டானா என்று தெரியாமல் உறையை நீட்டினேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"நேத்து அவனே வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டான் சார். வேலை கிடைக்கட்டும், அதுவரைக்கும் காத்திருக்கேன்னுட்டா என் பொண்ணு. நிச்சயத்தைத் தள்ளி வச்சாச்சு. ஆனா ஒரு மாசம் பெத்த அம்மாவுக்கே தெரியாம தினம் ஆபீஸ் கிளம்பிப் போயிருக்கான் பாருங்க. அவனைப் பேசாம நீங்களே வேலைக்கு எடுத்துக்கலாமே?"

மேனேஜர் சிரிக்காமல் அந்தப் பையனின் போன் நம்பரைக் கேட்டார், அவனை அத்தனை நாள் கஷ்டப்பட்டுப் பின்தொடர்ந்தவன் என்ற தகுதியில் அதை எழுதிக் கொடுக்கும் கௌரவமும் எனக்கே கிடைத்தது.