கடைசி முப்பது

ரூஃபினா “தீர்ந்துவிட்டது” என்று சொன்னால் நம்பாதீர்கள். அவள் என் அண்ணன் மனைவி. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன். சர்க்கரை தீர்ந்தது என்பாள், அடுப்புக்குப் பின்னால் இன்னொரு டப்பா இருக்கும். இந்தக் கள்ளத்தனம் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும்.

நாற்பத்துமூன்றில், உலகப் போரின்போது, கூர்ஸ்க் பக்கம் ஒரு போர் விமானப் பிரிவில் அவளும் காப்பா என்கிற நானும் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்டோம். விமானத்தின் மூக்கில் இரண்டு தானியங்கி பீரங்கிகள், ஒவ்வொன்றுக்கும் நூற்றெழுபது குண்டுகள். பட்டாசுச் சரம் போலக் கையால் கோத்து உள்ளே அடுக்க வேண்டும். விமானி விடாமல் சுட்டால் கால் நிமிடத்தில் காலி. அதனால் சரத்தின் கடைசியில் வெளிச்சம் விட்டுப் பறக்கும் குண்டுகள் சிலவற்றைக் கோப்போம். அதைக் கண்டதும் விமானி திரும்பிவிட வேண்டும்.

ரூஃபினாவின் முதல் விமானி ஒன்று விடாமல் சுட்டுத் தீர்த்துவிட்டு, திரும்பும் வழியில் வெறுங்கையோடு எதிரியிடம் மாட்டி இறந்துபோனார். கூடப் பறந்தவர் வந்து சொன்னார். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்து வந்தவர் லெப்டினன்ட் ஸவ்யாலவ். நல்ல மனிதர், ஆனால் எதிரியைக் கண்டால் வீட்டு நினைப்பே வராது. இவரையாவது உயிரோடு திரும்ப வைக்க வேண்டுமென்று, வெளிச்சக் குண்டுகளை முப்பது குண்டு முன்னாலேயே கோத்தாள் ரூஃபினா.

“தெரிஞ்சா உன்னை நிக்க வச்சுச் சுட்டுருவாங்கடி,” என்றேன்.

“குண்டுக்குப் பஞ்சமில்ல, காப்பா. அதான் முப்பது மிச்சம் வச்சிருக்கேனே.”

விமானம் இறங்கியதும் மிச்சத்தைக் கழற்றுவதும் அவள்தான். யார் கண்டுபிடிப்பார்கள்?

ஜூலையில் ஒருநாள் விமானம் இறங்கியது. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுகூட இல்லை. ஸவ்யாலவ் இறக்கையிலிருந்து இறங்காமலே பேசினார்.

“வெளிச்சம் வந்துச்சு, திரும்பிட்டேன். முன்னாடி எதிரியோட மெஸ்ஸர் விமானம் ஒண்ணு. செத்தோம்னு நினைச்சேன். கை பழக்கத்துல விசையை அழுத்துச்சு, சுட்டுச்சு. எத்தனை வச்சிருந்த?”

“ரெண்டுலயும் முப்பது முப்பது, தோழர் லெப்டினன்ட்.”

“எத்தனை நாளா?”

“ஏப்ரல்லேருந்து.”

நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

“போன மாசம் ஒரு பெரிய விமானம் குண்டு போடப் போயிட்டிருந்துச்சு. எனக்குத் தீர்ந்துபோச்சுன்னு அதை விட்டுட்டு வந்தேன். அது யார் தலையில போய்ப் போட்டுச்சோ?”

“மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துடுங்க,” என்றாள் ரூஃபினா. அவர் எழுதவில்லை. மூன்று நாள் அவளைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

நான்காம் நாள் காலை அவள் சரம் கோத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சக் குண்டுகளை இந்த முறை சட்டப்படி கடைசியில் வைத்திருந்தாள். ஸவ்யாலவ் வந்து குனிந்து பார்த்தார்.

“இதைக் கழட்டு. முன்னாடி வச்ச மாதிரியே வை.”

“அதே முப்பதா?”

“எத்தனைன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத, ரூஃபா. தெரிஞ்சா அதையும் சுட்டுட்டுத்தான் வருவேன்.”