நான் அழித்த நாலு கோட்

அவனில் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இரத்மலானை வேர்க்ஷொப்பில் நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது, ஒரே சம்பளம். மண் தோண்டும் பெக்கோ, புல்டோசர், பெரிய ஜெனரேட்டர் என்று எந்த டீசல் இயந்திரம் குழப்படி செய்தாலும் லெப்டொப்பைக் கொண்டுபோய்ச் செருகி, இஞ்சினுக்குள் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளை, கோட்களை, வாசித்து, எந்த சென்சரில் பிழை என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

நான் டிப்ளோமா செய்தவன். கம்பனி அனுப்பும் ஆங்கிலப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை வாசித்தவன். அவன் கொம்பனித்தெருவில் ஒரு கராஜில் கை பழகி வந்தவன். ஆனால் கட்டட சைட்களிலிருந்து போன் வந்தால், "அர மல்லிவ எவன்ன" என்பார்கள் சிங்களத்தில், போன தடவை வந்த அந்தத் தம்பியையே அனுப்பச் சொல்லி. ஒருநாள்கூட அந்த மல்லி நானாக இருந்ததில்லை. வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தும் அவன் கதைதான் என் வாயில் வரும். "நீங்கள் என்னைக் கட்டினனீங்களோ, அவரைக் கட்டினனீங்களோ?" என்று மனைவி கேட்டாள். சிரிப்பு வரவில்லை எனக்கு.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். திரையில் பத்துக் கோட் கிடந்தாலும் அவன் முதலில் கேட்பது "எது முதல் வந்திச்சி?" என்றுதான். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் இஞ்சின் எத்தனையாவது மணித்தியாலத்தில் ஓடும்போது அது விழுந்தது என்ற கணக்கு இருக்கும். நாங்கள் எல்லோரும் கோட்டின் பெயரைப் பார்ப்போம், அவன் அந்த மணித்தியாலத்தைப் பார்ப்பான். புத்தகத்திலும் அது இருக்கிறது. நானும் வாசித்திருந்தேன். ஆனால் மெசினுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு அது ஞாபகம் வராது, அவனுக்கு வரும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன வருஷம் மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சைட் வேலைகள் முழுவதற்கும் ஒரு பொறுப்பாளரை வைக்கப்போவதாகச் சொன்னார். உங்கள் இருவரில் ஒருவர், மாதம் முடியும்போது சொல்கிறேன் என்றார். வெளியே வந்ததும் அவன் என் தோளில் கையைப் போட்டு, "ஆருக்குக் கெடச்சாலும் கடையில ரோல்ஸ் வாங்கித் தரணும் மச்சான்" என்றான். எனக்குக் கிடைக்காவிட்டால் அவன் சொல்லும் இடத்துக்குப் போய், அவன் சொன்னதைச் செய்து, அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த மாதம்தான் கொம்பனித்தெருவில், பழைய வீடுகளை இடித்து மாடி எழுப்பும் ஒரு சைட்டில், பெக்கோ ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடானதும் நிற்கத் தொடங்கியது. நான் போனேன். நாலு கோட் கிடந்தது. முதல் வரியில் எரிபொருள் அழுத்த சென்சர். அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். மெசின் ஓடியது, ஒபரேட்டர் கட்டைவிரலைக் காட்டினான், நானும் காட்டினேன். பின்னேரம் மூன்று மணிக்கு அது மறுபடி நின்றது. திரையில் அதே நாலு கோட்.

மனேஜருக்குப் போன் எடுத்தேன். "சரி, நீர் அதை விடும். நாளைக்கு அவரை அனுப்புறன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு மெசினின் படியில் இருந்தேன். அந்த நாலு கோட்டிலும் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அவனுக்கு ஐந்து நிமிஷத்தில் விளங்கும் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. கோட்களை அழித்துவிட்டு மெசினை ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் வேலையில் சாதாரணம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அழிக்க முதல் அறிக்கையைச் சேமிக்க வேண்டும். நான் சேமிக்கவில்லை. அழித்தேன். அவன் மேல் இருந்த எரிச்சலில், நல்ல சுயபுத்தியோடுதான் அழித்தேன்.

மறுநாள் காலை சைட்டிலிருந்து அவன் போன் எடுத்தான். "மச்சான், ஒரு கோட்டும் இல்லயே. நேத்து என்ன வந்திச்சி?"

"எரிபொருள் பிரஷர் ஒண்டுதான்டா. சென்சர் மாத்தினனான்" என்றேன். நாக்குக் கூசவில்லை.

மெசின் குளிர்ந்து கிடந்தது. சைட்காரர்கள் அரை மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றும் காட்டவில்லை, சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இரண்டாம் நாள், கொங்கிறீட் லொறிகள் வரிசையில் நிற்க, அது பாதையை மறித்துக்கொண்டு நின்றது. மனேஜர் அவனை எல்லோருக்கும் முன்னால் ஏசினார். பிறகு என்னை அனுப்பினார்.

போய்ச் செருகினேன். மறுபடி நாலு கோட். இந்த முறை நான் அவனுடைய கேள்வியைக் கேட்டேன். நாலும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தன. நாலு சென்சர் ஒன்றாகப் பழுதாகாது. நாலுக்கும் ஐந்து வோல்ட் ஒரே இடத்திலிருந்து போகிறது, ஏதோ ஒன்று அதை இழுத்து விழுத்துகிறது. மீற்றரை வைத்துக்கொண்டு, சூடு ஆற முதல், ஒவ்வொரு சென்சராகக் கழற்றினேன். ஒயில் பிரஷர் சென்சரைக் கழற்றியதும் மீற்றர் ஐந்துக்கு ஏறியது. சூட்டில் உள்ளுக்குள் சோர்ட் ஆகிற சென்சர். பதினைந்து நிமிஷ வேலை. சைட் இஞ்சினியர் எனக்குக் கைகொடுத்தார். சந்தோஷம் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

மாத முடிவில் மனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பொறுப்பைத் தந்தார். "அவர் கெட்டிக்காரன்தான். ஆனா அண்டைக்குக் கோட்களைச் சேமிக்காம அழிச்சுப் போட்டார். ரிப்போர்ட் எங்கை எண்டு கேட்டன், நான்தான் அழிச்சனான் எண்டு அவரே ஒத்துக்கொண்டார். அப்பிடி ஆளை நம்பி எப்பிடிக் குடுக்கிறது?"

வெளியே அவன் ஒரு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். போய், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ அவசரத்துல சேவ் பண்ண மறந்திருப்பாய்ன்டு நெனச்சேன்" என்றான். "அதச் சொன்னா ஒனக்கு அந்த சீட் போயிரும். ஒரு மறதிக்காகப் போகக் கூடாதே. எனக்கு ஏச்சுத்தான் விழும்னு நெனச்சேன், சீட்டே போகும்னு நெனக்கல்ல. சரி விடு. மறந்துதானே போனாய்?"

அவன் முகத்தைப் பார்த்தேன். குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்கிறான்.

"ஓம்" என்றேன். "மறந்திட்டன்."

அவன் சிரித்து, "அப்ப ரோல்ஸ் எங்க?" என்றான். வாங்கிக் கொடுத்தேன். இப்போது அவன் என்னிடம்தான் கையெழுத்து வாங்குகிறான். பொறாமை குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது. அன்றைக்குக் கோட்களை அழித்தவன் அவனாகவும், மறுநாள் போனவன் நானாகவும் இருந்திருந்தால், அவன் சேமிக்க மறந்திருப்பான் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றியிருக்காது.