டைமிங் பெல்ட்டுக்கு எதுக்குங்க மூடி?

கார் மெக்கானிக் தொழிலில் கழற்றுவது கால் பங்கு, மாட்டுவது கால் பங்கு, மீதி அரைப் பங்கு "இது எதுக்குங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. திண்டிவனத்தில் ஒர்க்‌ஷாப் வைத்து இருபத்திரண்டு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கிரீஸ் கையோடு டீ கிளாஸைப் பிடிக்கும் என் இனத்தாருக்கும், வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடக்கும் உங்களுக்கும் இந்த அலுப்பு புரியும் என்று நினைக்கிறேன்.

டைமிங் பெல்ட் என்றால் என்ன என்று ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் பக்கவாட்டில் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை அது. கீழே பிஸ்டனோடு சுற்றும் தண்டையும், மேலே வால்வைத் திறந்து மூடும் தண்டையும் கணக்குத் தப்பாமல் சேர்ந்து சுற்ற வைப்பது அதன் வேலை. நாலு பல் தாவினால் போதும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், வண்டி நடுரோட்டில் நிற்கும். அந்தப் பட்டையில் தூசு துரும்பு போகாமல் இருக்க கம்பெனிக்காரன் ஒரு பிளாஸ்டிக் மூடி கொடுத்திருக்கிறான். அதைப் போடணுமா, திறந்தே விடலாமா என்று ஊரே என்னிடம் வழக்காடும். போடணும் என்பது என் கட்சி. அப்படிப்பட்ட நானே ஒரு தடவை போடாமல் அனுப்பி, கோட்டக்குப்பம் காதர் பாயின் துபாய் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காற்றாட இருக்கட்டும்

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே வாடகைக் கார் ஓட்டும் ஒருவருக்குப் பெல்ட் மாற்றிவிட்டு மூடியைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்துவிட்டார். வெயிலில் இன்ஜின் கொதிக்கிறதாம், மூடி இல்லாவிட்டால் காற்று பட்டுக் குளிருமாம். குளிர வைக்க ரேடியேட்டர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, இந்த மூடிக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லாம் புரிந்துவிட்டது என்று நம்பி நான் போல்ட்டை எடுத்தபோது சொன்னார்: "நானே சட்டையக் கழட்டிட்டு உக்காந்துக்கினு இருக்கறேன், அதுக்கு மட்டும் எதுக்குங்க ஸ்வெட்டரு?"

நல்லெண்ணெய்

வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர். கேப்பை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை எல்லாம் சொந்த நிலத்தில் போடுகிறவர். அவர் காரில் வேறு யாரோ மூடியைக் கழற்றி வீசியிருந்தார்கள். அவருக்கு அதில் சந்தோஷம்தான், கண்ணுக்குத் தெரிந்தால்தானே கவனித்துக்கொள்ள முடியும் என்றார். ஒருநாள் கீச் கீச் என்று சத்தம் கேட்டிருக்கிறது. சத்தம் போட்டது பக்கத்தில் இருந்த ஃபேன் பெல்ட். இவர் கண்ணில் பட்டது டைமிங் பெல்ட். சமையல்கட்டிலிருந்து நல்லெண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து பட்டை முழுக்க அபிஷேகம் செய்துவிட்டார்.

ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. என்னிடம் வரும்போது பட்டை ஊறி, பல் எல்லாம் தளர்ந்து, பேனட்டுக்குள்ளிருந்து வடை வாசனை வந்தது. மூடி இருந்திருந்தால் ஊற்ற வழியே இருந்திருக்காது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "கெணத்து ராட்டினத்துக்கு ஊத்தறேன், தையல் மிஷினுக்கு ஊத்தறேன், கதவு கீலுக்கு ஊத்தறேன், இது மட்டும் கோச்சிக்கும்னு எனக்கு யாரு வந்து சொன்னா?"

சேகரின் கொட்டகை

இப்போது காதர் பாய். துபாயில் ஒரு கிடங்கில் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வந்தவர், பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அப்பா இறந்ததும் அடக்கம் செய்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடித்தார். அதற்குள் ஆறு மாதம் நெருங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாள் துபாய்க்கு வெளியே இருந்தாலும் விசா செல்லாது, வேலையும் போய்விடும். அவருக்குக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ஐந்து மணிக்கு சென்னையில் விமானம். அதற்குள் பெல்ட்டை மாற்றிக் கொடுங்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். கடலோரத்து உப்புக்காற்றில் மூடியின் போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. பொறுமையாக எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கலாம். நான் அலுப்பில் ஒரு முறுக்கு முறுக்கினேன். மூடி மூன்று துண்டாகக் கையோடு வந்தது.

பழைய மூடி கிடைக்குமா என்று விழுப்புரத்தில் என் சிநேகிதன் சேகரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டிய பழக்கம் சேகருக்குக் கிடையாது. அவன் கொட்டகையில் எல்லாக் கம்பெனி மூடியும் மலையாகக் கிடக்கும். அவ்வளவு மூடியில் காதர் பாய் வண்டிக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். அதை அவன் வீட்டுக்காரம்மா கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டு, ஒழுகாமல் இருக்க ஓட்டைகளில் சிமெண்ட் வேறு பூசியிருந்தார். ஏன்டா இப்படிக் கழற்றிப் போடுகிறாய் என்று கேட்டேன். சேகர் நிதானமாகச் சொன்னான்: "மாட்டுனா அடுத்த வாட்டி நான்தானடா கழட்டணும், என் கைக்கு நானே வேல வெச்சிக்கணுமா?"

ஒண்ணும் ஆவாது

புது மூடி சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் வண்டியை எடுக்க வந்த காதர் பாய், மூடி உடைந்த கதையைக் கேட்டு பேனட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மூடி இல்லாமல் போகலாமா அண்ணே என்று கேட்டார். போகக் கூடாது என்று ஊரார் காதில் ஓதிய அதே வாயால், "ஏர்போர்ட் வரைக்கும்தான பாய், ஒண்ணும் ஆவாது" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் உறுத்தியது. அவரோ செல்போனை எடுத்துப் பெல்ட்டைப் போட்டோ பிடித்துக்கொண்டார்: "பத்து வருஷமா இந்த வண்டி வெச்சிருக்கறேன், இந்த பெல்ட்டு எப்டி இருக்கும்னே இன்னிக்குத்தாண்ணே தெரியும், பாக்க அழகாத்தான் இருக்குது."

உளுந்து

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு காதர் பாயிடமிருந்து போன் வந்தது. அவர் அப்பா மல்லாட்டை வியாபாரியாக இருந்தவர். அப்பாவின் வியாபாரக் கூட்டாளி ஒருவர் பனமலையில் இருக்கிறார். அவரிடம் சொல்லிக்கொண்டு அப்படியே ஏர்போர்ட் போகலாம் என்று, பெட்டிகளோடும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவர மச்சானோடும் காதர் பாய் கிளம்பியிருக்கிறார். பனமலைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிட்டது. ஞாயிறு, அதிலும் முகூர்த்த நாள். அந்தப் பக்கத்து வாடகை வண்டி எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. என் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்து பேனட்டைத் திறந்தேன். பெல்ட்டில் உளுந்துச் செடி. அறுத்த செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டு, போகிற வருகிற வண்டியெல்லாம் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுக்கும் என்று விட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காதர் பாய் வண்டியும் மிதித்துக் கொடுத்திருக்கிறது. காய்ந்த கொடி அடியிலிருந்து சுழன்று ஏறி, மூடியில்லாத பெல்ட்டுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவே புகுந்ததில் பெல்ட் பல் தாவிவிட்டது. கை நிறைய செடியை உருவி எடுத்தேன், நாலைந்து உளுந்து மணி என் உள்ளங்கையிலேயே உதிர்ந்தது. இன்ஜின் தலையை இறக்கி வால்வு மாற்றாமல் இந்த வண்டி நகராது. வெட்கத்தில் எனக்கு நிமிரவே தோன்றவில்லை. அப்பாவுக்காக ஊருக்கு வந்த மனுஷனின் பிழைப்பை ஒரு முறுக்கில் உடைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். காதர் பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேசியது அவர் மச்சான்தான்: "இந்த மாசத்துல ரோட்டுல உளுந்து காயறது சின்னப் புள்ளைக்கிக்கூடத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

பேனட்டைத் தொறங்க

என் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று பெட்டிகளை ஏற்றினேன். மச்சான் வண்டிக்குக் காவல் நின்றார். காதர் பாய் கதவைத் திறந்தவர், ஏறவில்லை. "அண்ணே, ஒரு நிமிஷம் ஒங்க பேனட்டைத் தொறங்க" என்றார். நேரமாகிறது பாய் என்றேன். பரவாயில்லை, தொறங்க என்றார். வேறு வழியில்லாமல் திறந்தேன்.

மூடி இல்லை. மூன்று வருடமாகவே இல்லை. எத்தனையோ பேர் வண்டிக்குச் சண்டை போட்டு மாட்டியவன், சொந்த வண்டிக்கு நாளைக்கு மாட்டலாம் நாளைக்கு மாட்டலாம் என்று விட்டிருந்தேன். போதாக்குறைக்கு, வரும் அவசரத்தில் அதே உளுந்துச் செடிகள் மேல்தான் ஏறி வந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. காதர் பாய் பெல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பயணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையை மடக்கிவிட்டார். கார் முன்னால் நடந்தபடி, ரோட்டில் கிடந்த செடிகளை இரண்டு கையாலும் வாரி ஓரம் போட்டார். நான் பின்னாலேயே ஊர்ந்தேன். வரப்பில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் எழுந்து ஓடி வந்தார்: "வண்டி ஏறட்டும்னுதான் போட்டு வெச்சிக்கிறோம், நீ இன்னாப்பா வந்து வாரிக்கினு போற?"

ஏர்போர்ட்

திண்டிவனம் தாண்டினோம். அச்சரப்பாக்கம் தாண்டினோம். ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் இரண்டு பேரும் ஒன்றாக பேனட்டைப் பார்த்தோம். அவர் உதடு மட்டும் எதையோ ஓதிக்கொண்டே வந்தது. என் சாமிகளை நானும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

இரண்டரைக்கு ஏர்போர்ட் வாசலில் நிறுத்தினேன். பெட்டிகளை இறக்கி வைத்தேன். மன்னிச்சிக்குங்க பாய், ஊருக்கு வரும்போது வண்டி புதுசா நிற்கும் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். சட்டையில் இன்னும் உளுந்துத் தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. "வேல போவலண்ணே, அது போதும். ஆனா உள்ள போயி உக்காந்ததும் அந்த ஏரோப்ளேன் இன்ஜினுக்கு மூடி இருக்குதான்னுதான் மொதல்ல பாப்பேன், ஒங்களால இனிமே எனக்கு நிம்மதியான தூக்கம் கெடையாது."

ஆக, மூடி போடணுமா வேண்டாமா என்று நீங்கள் கேட்டால், பெல்ட்டுக்குப் போடுவது அப்புறம் இருக்கட்டும், 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்லும் மெக்கானிக்கின் வாய்க்கு முதலில் ஒன்று போட்டுவிடுங்கள் என்பதுதான் இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் கண்டுபிடித்தது.