காலண்டரில் இருந்த நினைவு நாள்

சிற்றலை ரேடியோவின் இரைச்சலுக்குள்ளிருந்து முதலில் டிரம்ஸ் வரும். அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ஒரு பெண் குரல்... மோகனூர் வீட்டுச் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டே நான் ஆடுவேன்.

எனக்கு அப்போது ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாட்டின் மேல் பைத்தியம். யார் பிறந்தார், எந்த ரெக்கார்டு வெளிவந்தது, யார் மறைந்தார் என்று ரேடியோவில் தினமும் இங்கிலீஷில் சொல்வார்கள். ஒரு வருடம் கேட்டதையெல்லாம் அடுத்த வருடத் தினசரி காலண்டரில் தாள் தாளாக எழுதிவிட்டேன்! அப்பா நல்ல நேரம் மட்டும் பார்ப்பார்; என் கிறுக்கலைக் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த வருடம்தான் நாமக்கல்லிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். லாரி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இது தட்டிப்போகக் கூடாதே என்று உள்ளுக்குள் திக்திக்கென்று இருந்தது.

வைகாசியில் ஒரு முகூர்த்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் அப்பா எங்கள் காலண்டரைப் புரட்டினார். அந்தத் தேதித் தாளில் 'நினைவு நாள்' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, அன்னைக்கு உங்க ஊட்ல ஆருக்குங்க நெனவு நாளு?"

"எங்கூட்ல ஆருக்கும் இல்லீங்களே!" என்று அப்பா விழித்தார்.

வேறு வழியில்லாமல் நானே வெளியே வந்தேன்.

"அது... அமெரிக்காவுல பாட்டுப் பாடுனவருங்க மாமா. நாந்தானுங்க எழுதி வெச்சேன்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கத் திணறினார். அவர் அப்பா சிரிக்கவில்லை.

"ஆரா இருந்தா என்ன சாமி, ஒரு உசுரு போன நாளு. எனக்கு மனசு ஒப்பல."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவரோ நிதானமாக அடுத்த முகூர்த்தத் தாளைத் தேடி எடுத்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு நீயே சொல்லு சாமி."

"ஒருத்தரோட மொத ரெக்கார்டு வந்த நாளுங்க மாமா."

"மொத ரெக்கார்டா? நல்ல சகுனமாச்சே! இதையே வெச்சுக்கலாங்க."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது எல்லாத் தேதியையும் போனே சொல்லிவிடுகிறது. எழுதி வைக்க வேண்டியதில்லை. இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக் கேட்ட அந்தச் சுகம் மட்டும் இதில் இல்லை...

போன வாரம் எங்கள் மகளுக்குக் கல்யாண நாள் குறித்தோம். ஜோசியர் தேதியைச் சொன்னதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"போனப் பாரு சாமி. அன்னைக்குப் பாட்டுக்காரங்க ஆராச்சும் செத்திருக்காங்களா?"

சம்பந்தி வீட்டார் திகைத்துப்போய்ப் பார்த்தார்கள். நான் தேடிப் பார்த்தேன்.

"ஒரு பாட்டுக்காரம்மா பொறந்த நாளுங்க மாமா."

"அப்பறம் என்னங்க, தட்ட மாத்துங்க!" என்றார்.