மேபல் பதிலுக்குத் தட்டினாள்

மேபல் ஹாவொர்த்திடம் பொத்தாம்பொதுவாக 'சத்தம்' என்று சொல்லிவிட முடியாது. என்ன சத்தம் என்று கேட்பாள். சின்ன வயதிலேயே துணி ஆலையின் தறிக் கொட்டகைக்குள் வேலைக்குப் போனவள். அங்கே நூற்றுக்கணக்கான தறிகள் சேர்ந்து ஓடும் இரைச்சல் 'டின்'. அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, மழை மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவது 'ஹப்பப்', அதிலும் குற்றவாளி கிடையாது. ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டுவது 'ஹல்லபலூ'. அந்தச் சொல்லை நகரசபைக்காரர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள்.

'ரேக்கெட்' மட்டும் வேறு. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அடுத்தவர் காதைப் பற்றிக் கவலைப்படாத ஆள். அந்தச் சொல் வாயில் வரும்போதே தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடும்.

எங்கள் க்ளே தெருவில் அந்த ஆள் வால்டர் கிளெக். மேபலுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். மனைவி இறந்த பிறகு புறாக் கூண்டு செய்வதுதான் அவர் வேலை. மதியமானால் சுத்தியலை எடுத்துவிடுவார். மேபல் துடைப்பக் கட்டையால் சுவரை இடிப்பாள்.

"ஏ வால்டர்! நிறுத்துய்யா உன் ரேக்கெட்டை!"

"ஆயுசு பூரா தறிக்குள்ள கிடந்தவளுக்குக் காது இன்னும் கேக்குதா?"

"உன் மூளையை விட நல்லாவே கேக்குது!"

அவர் வேண்டுமென்றே இன்னும் ரெண்டு அடி அடிப்பார். தெருவில் நாங்கள் சிரித்துக்கொள்வோம். மறுநாள் காலையில் மேபல் வீட்டு வாசலில் அவர் சமாதானத்துக்கு வைத்த புறா முட்டை இருக்கும்.

சுவரை இடிப்பது சண்டைக்கு. ஆபத்துக்கு வேறு வழி இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கணப்புக்கும் பின்னால் இரும்புத் தகடு உண்டு. கரி கிளறும் கம்பியால் அதில் மூன்று முறை தட்டினால் அடுத்த வீட்டுக் கணப்பு மணி போல அதிரும். பிரசவ வலி எடுத்துவிட்டது, யாரோ விழுந்துவிட்டார், உடனே வா என்று அர்த்தம். கேட்டவர் தன் தகட்டில் ஒரு தட்டு தட்டுவார். கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே இது தெரியும்.

அந்த ஆகஸ்டில் ஆலை விடுமுறை வாரம். ஊரே கடற்கரைக்குக் கிளம்பிவிட்டது. வால்டரின் மகள் ஐரீனும் புருஷன் பிள்ளைகளோடு போயிருந்தாள். வால்டர் புறாக்களை விட்டு நகரமாட்டார். மேபலுக்கு மூட்டு வலி. தெருவில் மிச்சம் அவர்கள் இரண்டு பேர்தான். ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. தறிகள் நின்ற அமைதியில் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்டது.

ஒரு நாள் மதியம் வால்டர் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தார். மேபல் கணப்புக்கு முன்னால் மண்டியிட்டு இரும்புக்குக் கருப்பு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது, மறுபடி வந்தது. 'மறுபடி ரேக்கெட்டா?' என்று நினைத்தாள். அப்படி நினைத்த பிறகு அது எங்கிருந்து வருகிறது, எத்தனை தட்டு என்று அவள் கேட்கவே இல்லை. துடைப்பம் எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த கம்பியை எடுத்துத் தகட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

அந்தப் பக்கம் அமைதி. பிறகு மெதுவாக மறுபடியும் தட்டு. இவளும் திருப்பித் தட்டினாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே எழுந்து தேநீர் போட்டாள்.

மறுநாள் வால்டரின் வாசலில் பால் பாட்டில் எடுக்காமல் நின்றது. மேபல் பால்காரரைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். வால்டர் கணப்புக்கு முன்னால் விழுந்து கிடந்தார். கம்பி கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் உயிரோடு கிடந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஓடி வந்த ஐரீன் மேபலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அப்பா தட்டினாரா?"

"எனக்கு எதுவும் கேக்கலையே, கண்ணு."

ஐரீன் அந்த வீட்டுக்கே குடிவந்தாள். பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டார்கள், தகர டப்பாவை உதைத்தார்கள். மேபல் ஒருநாளும் சுவரை இடிக்கவில்லை. "கிழவிக்குக் காது போயிடுச்சு" என்று தெருவில் பேசினார்கள். 'ரேக்கெட்' என்ற சொல்லை அதன் பிறகு அவள் வாயில் யாரும் கேட்கவில்லை.

குளிர்காலம் வந்தது. மேபல் வீட்டுப் புகைபோக்கி மட்டும் புகையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐரீன் ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியோடு போனாள். மேபல் மேல்கோட்டு போட்டுக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கணப்புக்குள் போர்வைகளைத் திணித்து, முன்னால் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"என்ன ஆன்ட்டி இது? பனியில செத்துப் போகவா?"

"தட்டுது, கண்ணு. மதியமானா தட்டுது. உனக்குக் கேக்கலையா?"

ஐரீன் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை.

"பசங்க எவனாவது ரேக்கெட் பண்ணுவான்."

"அப்படிச் சொல்லாதே!" மேபல் கத்திவிட்டாள். பிறகு அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் வரவில்லை. தறி இரைச்சலில் வேலை செய்கிற பெண்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஐரீனும் தறி ஓட்டுகிறவள்தான். உதட்டைப் பார்த்தே முழுவதையும் படித்துவிட்டாள். சுத்தியல், மெழுகு, கம்பி, முதல் அடி, இரண்டாவது அடி.

"நீ பதிலுக்குத் தட்டினியா?"

மேபல் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்போ நீ வர்றேன்னு நெனச்சிட்டே கெடந்தாரா?"

ஐரீன் சட்டியை மேஜையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குழம்பில் ஆடை கட்டியது. மேபல் அசையவில்லை. அப்போது மெத்தைக்குப் பின்னாலிருந்து வந்தது. போர்வைகளையும் தாண்டித் தெளிவாக மூன்று தட்டு.

தினமும் கேட்கிற அதே தட்டா, வேறா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த முறை அவள் கம்பியைத் தேடவில்லை. செருப்புக்கூடப் போடாமல் வாசலைத் திறந்தபடி விட்டுவிட்டு, பனியில் இறங்கி அடுத்த கதவைத் தள்ளினாள்.

கணப்புக்கு முன்னால், அப்பா கிடந்த இடத்தில், ஐரீன் கையில் கம்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இரும்புத் தகடு இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் மேபலின் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

'அன்னிக்கு இவ்வளவு கிட்டவா இருந்தே?'

மேபல் வாய் திறந்து, குரலோடு சொன்னாள்.

"ஆமா."